அணுக் கள்ளச்சந்தை – 17: பதினைந்து கைகள்

சென்ற வாரம் பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியின் டரண்டோ துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தோம். 2003 அக்டோபர் முதல் வாரம். துபாயிலிருந்து கிளம்பி, சூயஸ் கால்வாயைத் தாண்டி, லிபியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கொடுத்த தகவலின் பேரில் பாதையை மாற்றி டரண்டோவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து கண்டெய்னர்கள் இறக்கப்பட்டன. கப்பலின் சரக்குப் பட்டியலில் அவை பழைய இயந்திர பாகங்கள். திறந்தால் உள்ளே மரப்பெட்டிகள். பெட்டிகளுக்குள் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்தின் பாகங்கள்.

அந்தப் பெட்டிகளின் மேல் தயாரித்த நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருந்தது. ஸ்கோமி பிரிசிஷன் இன்ஜினியரிங், சுருக்கமாக ஸ்கோப். ஊர் மலேசியாவின் ஷா ஆலம்.

இந்த அத்தியாயம் அந்தப் பெயரைப் பற்றியது. அணுகுண்டுக்கான சரக்கைக் கடத்துகிறவர்கள் பெட்டியின் மேல் பெயர் போட்டா அனுப்புவார்கள்? அனுப்பினார்கள். மலேசியச் சட்டப்படி அந்தப் பாகங்களைச் செய்வதும் அனுப்புவதும் அன்றைக்குக் குற்றமாகவே இருக்கவில்லை.

மலேசியக் காவல்துறை 2004 பிப்ரவரி 20 அன்று தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. நம் கதையில் ஏற்கெனவே வந்துபோன இலங்கை வணிகர் புகாரி சையத் அபு தாஹிர்தான் அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவர். துபாயில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தியவர். இந்தக் கள்ளச்சந்தையை நடத்திய பாகிஸ்தான் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் வலது கை. ஒப்பந்தம் 1 கோடியே 30 லட்சம் ரிங்கிட்டுக்கு. 14 வகை பாகங்கள். 2002 டிசம்பர் முதல் 2003 ஆகஸ்ட் வரை நான்கு தவணைகளில் துபாய்க்குப் போயின. வேலையை மேற்பார்வை பார்க்க உர்ஸ் டின்னர் என்ற சுவிஸ் பொறியாளர் தொழிற்சாலையிலேயே இருந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது தான் பயன்படுத்திய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கையும், அலுவலகத்தில் தன்னைப் பற்றி இருந்த கோப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்கிறது அறிக்கை.

ஸ்கோப்பின் தாய் நிறுவனத்தில் அன்றைய பிரதமர் அப்துல்லா பதாவியின் மகன் முக்கியப் பங்குதாரர். அதனால் மலேசியாவில் பெரிய சலசலப்பு. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்று நினைத்தே செய்தோம் என்றது நிறுவனம். அது தெரியாமல்தான் செய்தது என்ற முடிவுக்குக் காவல்துறையும் வந்தது. அதில் நான் குற்றம் காணப் போவதில்லை. என்னை உறுத்துவது வேறு. தெரிந்தே செய்திருந்தாலும் என்ன வழக்குப் போட்டிருப்பார்கள்? தாஹிரை 2004 மே மாதம் பிடித்தபோது, விசாரணையே இல்லாமல் ஆளை உள்ளே வைக்க வழிசெய்யும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான்கு வருடம் கழித்து, 2008 ஜூனில் விட்டுவிட்டார்கள். நீதிமன்றத்தில் அவர் மேல் ஒரு குற்றச்சாட்டுகூடப் படிக்கப்படவில்லை.

மலேசியா ஒன்றும் ஒப்பந்தங்களுக்கு வெளியே நின்ற நாடு அல்ல. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் அதுவும் உறுப்பு நாடு. ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களின் மனதில் இருந்தது அரசுகள். ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் குண்டு கொடுக்கக் கூடாது, செய்யவும் உதவக் கூடாது. ஊர் ஓரத்தில் ஒரு பட்டறை, அதற்கு ஆர்டர் கொடுக்க ஒரு வணிகர், வரைபடத்தோடு விமானத்தில் வந்து இறங்கும் ஒரு பொறியாளர் என்று ஒரு கூட்டம் இதைச் செய்யும் என்று 1960களில் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

கடலில் இருந்த ஓட்டை இன்னும் பெரியது. 2002 டிசம்பரில் சோ சான் என்ற கப்பலை ஸ்பெயின் கடற்படை அரபிக் கடலில் மடக்கியது. சிமென்ட் மூட்டைகளுக்கு அடியில் 15 வடகொரிய ஸ்கட் ஏவுகணைகள். யேமன் அரசு, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய சரக்கு அது என்றது. பறிமுதல் செய்ய சர்வதேசச் சட்டத்தில் இடம் இல்லை என்று கண்டு, கப்பலை ஏவுகணைகளோடு அனுப்பிவைத்தார்கள்.

இந்த இரண்டு ஓட்டைகளையும் வைத்துக்கொண்டுதான் 2003 செப்டம்பரில் ஐநா பொதுச்சபையில் பேசிய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், பேரழிவு ஆயுதங்களைப் பரப்புவதைக் குற்றமாக்கும்படி எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்த ஒரு தீர்மானம் வேண்டும் என்றார். ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் மாதக்கணக்கில் மூடிய அறையில் வார்த்தை வார்த்தையாகப் பேரம் பேசினார்கள். கப்பலை நடுக்கடலில் மறித்துத் தடுப்பது என்ற பொருள் தரும் சொல் சீனா கேட்டதால் எடுக்கப்பட்டது. அதற்குள் வெளியே எல்லாம் தலைகீழாக மாறியிருந்தது. டிசம்பர் 19 அன்று லிபியா தன் ரகசியத் திட்டங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. பிப்ரவரி 4 அன்று கான் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். லிபியாவிடமிருந்து கிடைத்த குண்டு வரைபடங்கள் இஸ்லாமாபாத் தையற்கடை ஒன்றின் பிளாஸ்டிக் பையில் இருந்தன என்பதைப் போன வாரம் பார்த்தோம்.

2004 ஏப்ரல் 28. பாதுகாப்பு கவுன்சிலில் 15 நாடுகள். 15 கைகளும் உயர்ந்தன. அந்தப் பதினைந்தில் ஒன்று பாகிஸ்தானின் கை. அந்த வருடம் அது கவுன்சிலில் தற்காலிக உறுப்பினர். தீர்மானத்தின் எண் 1540.

ஐநா சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் வந்த தீர்மானம். அதாவது கையெழுத்துப் போட்டவர், போடாதவர் என்ற பேச்சே இல்லை. உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு நாடும் அணு, ரசாயன, உயிரி ஆயுதங்களும் அவற்றைச் சுமந்து செல்லும் ஏவுகணைகளும் தனியார் கைக்குப் போகாமல் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டும். பொருட்களுக்குக் கணக்கு வைக்க வேண்டும், காவல் போட வேண்டும், எல்லையிலும் துறைமுகத்திலும் கண்காணிக்க வேண்டும், ஏற்றுமதிக்கு அனுமதி முறை கொண்டுவர வேண்டும். என்ன செய்தோம் என்று ஆறு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும்.

வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்னால் ஏப்ரல் 22 அன்று நடந்த திறந்த விவாதத்தில் இந்தியா உட்படப் பல நாடுகள் முகம் சுளித்தன. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. ஒப்பந்தம் என்றால் எல்லோரும் உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டியது. 15 பேர் ஓர் அறையில் கூடி உலகத்துக்கே சட்டம் போட முடியுமா? அதிலும் நிரந்தர உறுப்பினர்கள் ஐந்து பேரும் குண்டு வைத்திருப்பவர்கள். தங்கள் குண்டுகளைக் குறைப்பதாகப் பரவல் தடை ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்தவர்கள் அதை மறந்துவிட்டு, மற்றவர்களுக்குக் கெடு வைக்கிறார்களே என்ற ஆத்திரம் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அந்த ஆத்திரம் நியாயமானது என்றே நினைக்கிறேன். தீர்மானம் பிற்பாடு பட்ட பாட்டில் பாதிக்கு இதுதான் காரணம். திணிக்கப்பட்டது என்று நினைக்கும் வேலையை யாரும் மனம் ஒப்பிச் செய்வதில்லை.

மீதிப் பாதிக்குக் காரணம் தீர்மானத்தில் திரும்பத் திரும்ப வரும் இரண்டே சொற்கள். நாடுகள் எடுக்கும் நடவடிக்கை 'தகுந்ததாக', 'பயனுள்ளதாக' இருக்க வேண்டும். எது தகுந்தது? யாருக்குத் தகுந்தது? பயன் இருக்கிறதா என்று யார் பார்த்துச் சொல்வது? தீர்மானம் வாய் திறக்கவில்லை. அது வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி. அளவுகோல் ஒன்றை எழுதியிருந்தால் பதினைந்து கைகள் உயர்ந்திருக்காது.

நிறைவேற்றத்தைக் கவனிக்க ஒரு குழு அமைத்தார்கள். முதல் தலைவர் ருமேனியாவின் மிஹ்னியா மோட்டோக். குழுவுக்கு உதவச் சில நிபுணர்கள். ஆயுள் இரண்டே வருடம். இது தடை விதிக்கும் குழு இல்லை, மீறல்களை விசாரிக்கும் குழுவும் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். நாடுகளுக்கு மதிப்பெண் போட மாட்டோம், இன்ன நாடு தவறியது என்று பெயர் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

2004 அக்டோபர் 28 கெடு. வந்தது, போனது. 2006 ஏப்ரலில் குழு தன் முதல் பெரிய அறிக்கையைக் கொடுத்தபோது 129 நாடுகள் பதில் அனுப்பியிருந்தன. 62 நாடுகளிடமிருந்து ஒரு தாள்கூட வரவில்லை.

இந்த 62 நாடுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அந்த அரசு அலுவலகங்களில் ஒன்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சின்னத் தீவு நாடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தில் ஐநா விவகாரங்களைப் பார்ப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். சட்ட மசோதா எழுதத் தெரிந்தவர் நாடு முழுக்க விரல் விட்டு எண்ணும் அளவில். அல் கொய்தா, தாலிபான் மீதான தடைகளுக்கு ஏற்கெனவே ஓர் அறிக்கை கேட்கிறார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த 1373ஆம் தீர்மானத்துக்கு இன்னோர் அறிக்கை. இப்போது மூன்றாவதாக இது. மேசை மேல் ஐநா குழுவின் அட்டவணை கிடக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள். அணு ஆயுதத்துக்கு ஒரு பத்தி, ரசாயனத்துக்கு ஒன்று, உயிரிக்கு ஒன்று. தயாரித்தால் குற்றமா, சட்டம் எது, பிரிவு எது, தண்டனை என்ன? வைத்திருந்தால்? வண்டியில் ஏற்றினால்? பணம் கொடுத்து உதவினால்? அமைச்சரைக் கேட்டால் புயலில் கூரை போன பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்லுங்கள் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனவே பலர் ஒரு பக்கத்தில் முடித்துக்கொண்டார்கள். எங்கள் நாட்டில் இப்படிப்பட்ட ஆயுதம் எதுவும் இல்லை, செய்யும் எண்ணமும் இல்லை. அந்தப் பதிலில் பொய் கிடையாது. ஆனால் 1540 கேட்ட கேள்வி வேறு. மலேசியாவிடம் அணு ஆயுதம் இல்லை, துபாயிடமும் இல்லை. பாகங்கள் உருவானதும் கைமாறியதும் அங்கேதான். பிபிசி சைனா ஜெர்மானியருக்குச் சொந்தமான கப்பல். அது பறக்கவிட்ட கொடியோ கரீபியன் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடான ஆன்டிகுவா-பார்புடாவுடையது. கட்டணம் குறைவு, கெடுபிடி குறைவு என்பதற்காக உலகக் கப்பல்கள் இப்படிப்பட்ட நாடுகளில் பதிவாகின்றன. நடுக்கடலில் அந்தக் கப்பலின் மேல் அதிகாரம் உள்ள அரசு அந்தக் குட்டித் தீவின் அரசு.

உதவி வேண்டுவோர் கேட்கலாம், முடிந்தவர்கள் கொடுக்கலாம் என்று தீர்மானத்தின் ஏழாம் பத்தி சொல்கிறது. குழு தரகர் வேலை பார்த்தது. ஆனால் என்ன வேண்டும் என்று துல்லியமாகக் கேட்கவே ஒரு நிபுணர் தேவைப்பட்டார். சட்டம் எழுத ஆள் அனுப்புங்கள் என்று வந்த கடிதங்கள் கொடையாளிகளின் அலுவலகங்களில் தூங்கின. கரீபியன் நாடுகள் தங்கள் கூட்டமைப்பான கேரிகாமில் இதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்துக்கொண்ட பிறகுதான் அங்கே வேலை நகர்ந்தது. நாடு நாடாகப் போய் உட்கார்ந்து, போதைப்பொருளுக்கும் துப்பாக்கிக் கடத்தலுக்கும் பயன்படும் அதே துறைமுகக் காவல்தான் இதற்கும் என்று புரியவைக்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

சட்டம் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். துறைமுகத்தில் என்ன நடக்கும்?

சுங்க அதிகாரி ஒருவரின் முன்னால் ஷிப்பிங் பில் இருக்கிறது. 'அலுமினியக் குழாய்' என்று போட்டு, பக்கத்தில் 7608 என்ற எண். உலகம் முழுக்க அலுமினியக் குழாய்களுக்குச் சுங்கத்தில் அந்த எண்தான். வீட்டு வேலைக்கு வாங்கும் குழாய்க்கும் அதே எண், பந்தலுக்கு வாங்கும் குழாய்க்கும் அதே எண். அணுப் பொருள் வழங்கும் நாடுகளின் குழு வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியலோ வேறு பாஷை பேசுகிறது: குழாயின் வெளி விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, அந்த உலோகக் கலவை 20 டிகிரி வெப்பத்தில் 460 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும் என்றால் அனுமதி வாங்க வேண்டும். விட்டத்தை டேப் வைத்து அளந்துவிடலாம். இழுவிசையை எதை வைத்து அளப்பது? ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பின்னால் வரிசையில் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்கள் நிற்கின்றன. கப்பல் காத்திருக்க மணிக்கணக்கில் காசு. சரக்குக்காரர் மேலதிகாரிக்குப் போன் போடுகிறார். அந்த அதிகாரிக்குப் பயிற்சி கொடுக்காமல், கருவி கொடுக்காமல், நிறுத்திவைத்தால் உன்னைக் காப்பாற்றுவோம் என்ற உத்தரவாதமும் கொடுக்காமல் எழுதிய சட்டம் அரசிதழில்தான் இருக்கும்.

பெரிய துறைமுகங்களை வைத்துப் பிழைக்கும் நாடுகள் பயந்ததும் இதற்காகவே. சரக்கு தாமதமானால் வணிகம் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். ஐக்கிய அரபு அமீரகம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது 2007இல். மலேசியாவின் உத்திசார் வணிகச் சட்டம் வந்தது 2010 ஏப்ரலில். ஒபாமா வாஷிங்டனில் கூட்டிய அணுப் பாதுகாப்பு உச்சிமாநாட்டுக்குப் பிரதமர் நஜிப் ரசாக் புறப்படும் நேரத்தில் அவசர அவசரமாக நிறைவேறியது. ஸ்கோப் பெட்டிகள் டரண்டோவில் பிடிபட்டு ஆறரை வருடம் கழித்து! பாகிஸ்தான் 2004 செப்டம்பரிலேயே சட்டம் போட்டுவிட்டது. உலகம் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது அதற்கு வேறு வழி இல்லை.

சரி, பழைய சட்டங்கள் பலமாக இருந்த நாடுகள் என்ன கிழித்தன? இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

தென்னாப்பிரிக்கா தானே செய்த ஆறு குண்டுகளைத் தானே கலைத்த நாடு. 1993லேயே பரவல் தடைச் சட்டம் இயற்றியது. 2004 செப்டம்பரில் அங்கே ஃபாண்டர்பெய்ல்பார்க் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையைச் சோதனை போட்டார்கள். லிபியாவின் மையவிலக்கு ஆலைக்கு வாயுவை ஏற்றி இறக்கும் முழு அமைப்பும் 11 கண்டெய்னர்களில் தயாராக இருந்தது. தொழிற்சாலை உரிமையாளர் அரசுத் தரப்புச் சாட்சியானார். முக்கியக் குற்றவாளி கெர்ஹார்ட் விஸ்ஸர் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 18 வருடத் தண்டனை. ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அவருடைய கூட்டாளி, புற்றுநோயில் படுத்திருந்த டேனியல் கைகஸுக்கு 13 வருடம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஜெர்மனியில், கானின் கூட்டத்தைச் சேர்ந்த பொறியாளர் காட்ஹார்ட் லெர்ச் மேல் 2006இல் மன்ஹைமில் தொடங்கிய வழக்கு பாதியில் கவிழ்ந்தது. பிறகு ஸ்டுட்கார்ட்டில் மறுபடி தொடங்கி 2008இல் ஐந்தரை வருடத் தண்டனையில் முடிந்தது.

சுவிட்சர்லாந்தில் நடந்ததை நம்பவே கஷ்டமாக இருக்கும். ஷா ஆலமில் பார்த்த உர்ஸ் டின்னர் குடும்பத்தின் வழக்கில் கைப்பற்றிய ஆவணங்களை அழித்துவிடும்படி 2007 நவம்பரில் அந்த நாட்டு அமைச்சரவையே உத்தரவு போட்டது. அவற்றில் குண்டு வரைபடங்கள் இருக்கின்றன, தவறான கைக்குப் போய்விடும் என்று காரணம் சொன்னார்கள். 2008 மே மாதம் அதிபர் பாஸ்கல் கூஷ்பான் இதை வெளியில் சொன்னபோது சுவிஸ் நாடாளுமன்றம் கொதித்தது. டின்னர்கள் அமெரிக்க உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர்கள் என்பதும் வெளியே வந்தது. 2012இல் தந்தைக்கும் இரண்டு மகன்களுக்கும் தண்டனை கிடைத்தது. விசாரணைக் கைதிகளாக இருந்த நாட்களைக் கழித்ததில் மூவரும் மறுபடி சிறைக்குப் போகவில்லை. கான் 2009 பிப்ரவரியில் வீட்டுக் காவலிலிருந்து விடுபட்டார்.

உளவுத்துறைக்கு ரகசியம் முக்கியம், நீதிமன்றத்துக்குச் சாட்சியம் முக்கியம். இரண்டும் மோதிய இடத்திலெல்லாம் தோற்றது நீதிமன்றம். உலகமே சட்டம் இயற்ற வேண்டும் என்று உரக்கச் சொன்ன நாடுகளே, சாட்சியத்தைக் கொடுக்கும் நேரத்தில் கையை மூடிக்கொண்டன. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சின்ன நாட்டின் அமைச்சர் அந்த முந்நூறு கட்டங்களை எதற்காக அக்கறையோடு நிரப்ப வேண்டும்?

இத்தனைக்கும் நடுவில் 1540 சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழுவின் ஆயுளை முதலில் இரண்டு வருடம், பிறகு மூன்று வருடம், 2011இல் பத்து வருடம் என்று நீட்டினார்கள். 2022 நவம்பரில் மறுபடி நீட்டியதில் 2032 நவம்பர் 30 வரை இருக்கும். முதல் அறிக்கை கொடுத்த நாடுகள் 129இலிருந்து 185 ஆகியிருக்கின்றன. சட்டமே இல்லாதிருந்த எத்தனையோ நாடுகளில் இன்று ஒரு சட்டம் இருக்கிறது. 2003இல் பிடிக்க வழி இல்லாத ஆளை இன்று பிடிக்க வழி இருக்கிறது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. விவாதத்தில் முகம் சுளித்தாலும் 2005 ஜூனிலேயே பேரழிவு ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 2022இல் அதைத் திருத்தி, இந்த ஆயுதங்களுக்குப் பணம் கொடுத்து உதவுவதையும் குற்றமாக்கியது. 'ஸ்கோமெட்' என்ற பட்டியலில் எந்தெந்தப் பொருளை அனுமதியில்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விவரமாக இருக்கிறது. பெரும்பாலான பொருட்களுக்கு அனுமதி தருவது வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம்.

கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். ஷா ஆலமில் இருந்ததும் உங்களுடையதைப் போன்ற ஒரு பட்டறைதான். அறிமுகமில்லாத ஒருவர் நல்ல விலை சொல்லி, வரைபடத்தை மட்டும் கொடுத்து, பொருள் எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்று சொல்ல மறுத்தால், முன்பணம் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் இயக்குநரகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

(தொடரும்)